43 − 17 = 34 என்று போடும் குழந்தைக்கு

43 − 17 போடச் சொன்னால் உங்கள் பெண் 26-க்குப் பதில் 34 என்று எழுதுகிறாள் என்கிறீர்கள். அது கவனக்குறைவு இல்லை. 3-இலிருந்து 7 போகாது என்றதும், 7-இலிருந்து 3-ஐக் கழித்துவிடுகிறாள். இரண்டாம் வகுப்பில் ரொம்பச் சகஜம். தினமும் பக்கம் பக்கமாகக் கணக்கு எழுதவைப்பதை நிறுத்துங்கள்.

43-இல் இருக்கும் 4 என்பது நான்கு பத்துகள் என்று அவளுக்கு இன்னும் பதியவில்லை. பெரும்பாலும் அதுதான் காரணம்.

சோதிக்க ஒரு வழி. நான்கு பத்து ரூபாய் நோட்டு, மூன்று ஒரு ரூபாய் காசு கையில் கொடுங்கள். மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் கொத்தமல்லிக்கு 17 ரூபாய், மீதி வாங்காமல் சரியாக எடுத்துக் கொடு என்று கேளுங்கள். ஒரு நோட்டைச் சில்லறை மாற்ற வேண்டும் என்று அவளே சொன்னால் விஷயம் புரிந்திருக்கிறது, தாளில் எழுதும் முறையில்தான் சிக்கல். திகைத்து நின்றால் கடன் வாங்கும் கழித்தலைத் தள்ளிப்போடுங்கள். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பிரித்து, எண்ணட்டும்.

20 வரை வாய்ப்பாடு சொல்கிறாளே என்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் இந்த வயதுக்கு அவசரமில்லை. சிறு வகுப்புக் குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பிக்க மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த நிபுண் பாரத் திட்டமும் இரண்டாம் வகுப்புக்கு 999 வரை எண்களைப் படித்து எழுதுவதையும் 99 வரை கழிப்பதையும்தான் இலக்காக வைத்திருக்கிறது.

ஆனால் ஒன்று: பத்துப் பன்னிரண்டு பொருட்களை எண்ணவே தடுமாறினால், வீட்டில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆசிரியரிடம் பேசிவிடுங்கள்.