குளிர்நாட்டுச் சாம்பல் மண்ணும் நம் சேர்வராயன் மலையும்: கேள்வி பதில்

அமில மண் பற்றி, குறிப்பாகப் பாட்சால் (குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளில் உருவாகும், சாம்பல் நிற அடுக்குள்ள மண்) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (சேலத்துக்காரர், இப்போது பின்லாந்தில் வேலை): இங்கே பைன் காட்டில் பாதை வெட்டிய இடத்தில், மேலே கறுப்பு, அதன்கீழ் சாம்பல் நிறம், அதற்கும் கீழே துரு நிறம் என்று மண் தெரிகிறது. பழைய காட்டுத் தீயின் சாம்பலா?

சாம்பல் இல்லை, தம்பி. நீங்கள் பார்த்தது அசல் பாட்சால். ஊசியிலை எளிதில் மக்காது. அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு, பிசினும் மெழுகும் அதிகம். குளிரில் பாக்டீரியாக்கள் முடங்கிக் கிடக்க, பூஞ்சைகள்தாம் மெதுவாகச் சிதைக்கின்றன. அந்த அரைகுறை மக்கிலிருந்து ஊறும் கரிம அமிலங்களை மழைநீரும் பனி உருகிய நீரும் கீழே கொண்டுபோகின்றன. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் முதலில் கரைந்து போய்விடும். பிறகு இரும்பும் அலுமினியமும் அந்த அமிலங்களோடு பிணைந்து இறங்கும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் களிம்பு கரைந்து போகிறதே, ஏறக்குறைய அதே வேதியியல்தான் இது. மணலுக்கு நிறம் தருவது அதன்மேல் இருக்கும் இரும்புப் பூச்சு. அது கழன்றதும் வெறும் குவார்ட்ஸ் மணல் வெளுத்து நிற்கிறது. இறங்கிய இரும்பும் அலுமினியமும் கரிமப் பொருளும் கீழே படிவதால் அங்கே துரு நிறம். சில இடங்களில் அந்தப் படிவு கல்லாகவே இறுகிவிடும். வேர் நுழையாது, நீரும் வடியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மண்புழுவின் பங்கு. பி.எச். (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4ஐ ஒட்டிய அமிலத்தில் பெரும்பாலான மண்புழுக்கள் வாழா. அவை இருந்திருந்தால் மேல்மண்ணையும் கீழ்மண்ணையும் புரட்டிக் கலக்கியிருக்கும். கலக்க ஆளில்லாததால்தான் அடுக்குகள் கோடு கிழித்தாற்போல் நிற்கின்றன. நீங்கள் இருக்கும் பின்லாந்தைவிட்டுப் பனிப்பாளம் விலகி ஏறத்தாழ 10,000 ஆண்டுகள்தாம் ஆகின்றன. அதற்குள் உருவான மண் அது. உலகில் இவ்வகை மண் சுமார் 48 கோடி ஹெக்டேரில் பரவியிருக்கிறது.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, ஆத்தூர்): ஏற்காட்டிலும் குளிர், மழை, அமில மண் எல்லாம் இருக்கின்றன. அங்கே ஏன் பாட்சால் இல்லை?

நல்ல கேள்வி, அம்மா. சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை. சத்துகள் கரைந்து இறங்குவதும் உண்மை, மண் அமிலமாக இருப்பதும் உண்மை. ஆனால் அங்கே நடப்பது நேர் எதிரான வேலை.

நமக்குக் குளிராகத் தெரியும் ஏற்காடு, மண்ணின் நுண்ணுயிர்களுக்கு வெதுவெதுப்பான இடம். இலைதழை விரைவாக மக்குகிறது. இரும்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும் அளவுக்குக் கரிம அமிலங்கள் நிலைப்பதில்லை. அடியில் இருக்கும் சார்னோகைட் பாறையும் மணலை மட்டும் தருவதன்று, இரும்பும் களிமண்ணும் தருவது. அதனால் மிக நீண்ட காலமாகப் பெய்யும் மழை அங்கே சிலிக்காவைத்தான் சிறிது சிறிதாகக் கரைத்துப் போகிறது. இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. சிவந்த சரளை மண் அப்படி வந்ததுதான். மலையுச்சிகளில் இருக்கும் பாக்சைட்டும் அப்படித்தான். மேட்டூரில் அலுமினியம் எடுக்க இங்கிருந்துதானே பாக்சைட் போயிற்று! பாட்சாலின் மேலடுக்கில் சிலிக்கா தங்கி அலுமினியம் போகிறது. சேர்வராயனில் அலுமினியம் தங்கி சிலிக்கா போகிறது. தேர்வில் இந்த ஒரு வேறுபாட்டை எழுதினாலே போதும்.

கேள்வி (காப்பி விவசாயி, நாகலூர்): என் தோட்டத்து மண்ணின் பி.எச். 4.9 என்று வந்திருக்கிறது. சேலத்து மேக்னசைட் தூள் மலிவாகக் கிடைக்கிறதே, போடலாமா?

வேண்டாம், ஐயா. மேக்னசைட் மிக மெதுவாகத்தான் கரையும். அதில் மக்னீசியம் மட்டுமே உண்டு, காப்பிக்கு வேண்டிய கால்சியம் கிடையாது. வேளாண் சுண்ணாம்பு போடுங்கள். மக்னீசியமும் குறைவென்று அறிக்கை சொன்னால் டோலமைட் தூள் போடுங்கள். காப்பிக்கு பி.எச். 6ஐ ஒட்டி இருப்பது நல்லது. 4.9க்கும் 5.9க்கும் இடையே ஒன்றுதான் வித்தியாசம் என்று எண்ணாதீர்கள், அமிலத்தன்மை பத்து மடங்கு வேறுபடுகிறது. இந்த அளவு அமிலத்தில் மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் கருக்கும். எவ்வளவு போடுவது என்பதைப் பரிசோதனை நிலையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள், பக்கத்துத் தோட்டத்துக் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒன்றாக இடக் கூடாது, தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். சில வாரம் இடைவெளி விடுங்கள். யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் ஆண்டுதோறும் அமிலத்தைக் கூட்டுகின்றன. சுண்ணாம்பு போட்டுவிட்டு உரத்தை மட்டும் பழையபடியே கொட்டினால் மீண்டும் இதே எண்தான் வரும்.

கேள்வி (இதே ஊரிலிருந்து இன்னொருவர்): நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் இலைகளால் மண் புளிக்கிறதா?

அதற்காக மரத்தை வெட்டிவிடாதீர்கள். நம் தட்பவெப்பத்தில் அந்தச் சருகு மூடாக்காகவும் மக்காகவும் மண்ணைக் காக்கிறது.

கேள்வி (இல்லத்தரசி, அஸ்தம்பட்டி): ஏற்காட்டில் நீலமாகப் பூத்த ஹைட்ராஞ்சியா, சேலத்தில் என் தொட்டியில் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. ஏன்?

அமில மண்ணில் அலுமினியம் கரையும், செடி அதை உறிஞ்சும், பூ நீலமாகும். சேலத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர், மண்ணைக் காரமாக்கும். அலுமினியம் கிடைக்காமல் நிறம் மாறிவிடுகிறது. மழைநீர் ஊற்றுங்கள். எப்போதாவது சிறிதளவு படிகாரம் கரைத்து விடலாம். அதிகமானால் வேர் வெந்துவிடும்.

கேள்வி (வரலாற்று ஆசிரியர், ஓமலூர்): பாட்சால் போன்ற அமில மண்ணில் எலும்புகள் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கா. எலும்பு கால்சியம் பாஸ்பேட், அமிலம் அதைக் கரைத்துவிடும். இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939இல் தோண்டிய கப்பல் கல்லறையில் பொன்னும் இரும்பும் கிடைத்தன, உடல் கிடைக்கவில்லை. மண்ணில் எஞ்சிய பாஸ்பேட்டைக் கொண்டுதான் அங்கே ஓர் உடல் இருந்திருக்கலாம் என்று பின்னர் கருதினார்கள். ஆனால் மகரந்தம் அதே அமிலத்தில் நன்றாகத் தங்கும். பிரிட்டனின் ஹெதர் புதர்நிலங்கள் பலவும் முன்பு காடாக இருந்தவை, மனிதர் காட்டை அழித்தபின் வந்தவை என்று புதைந்த மண்ணின் மகரந்தமே காட்டிக்கொடுத்தது. அங்கே மரம் போனபின் ஹெதர் வந்து மண்ணை இன்னும் அமிலமாக்கியது.

கேள்வி (பலர்): பரிசோதனைக்கு மண் எப்படி எடுப்பது?

தோட்டத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்சருகை விலக்கி, ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டி, காப்பிக்கு ஒன்பது அங்குல ஆழம்வரை பக்கச் சுவரிலிருந்து சீவி எடுங்கள். உரம் இட்ட இடம், வரப்பு, எருக்குழி ஓரம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்து, அரைக் கிலோ மட்டும் நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். சரிவும் மேடும் வேறு வேறு மண்ணாக இருந்தால் தனித்தனிப் பையில் போடுங்கள். உரச் சாக்கில் மட்டும் கட்டாதீர்கள்.