கூரைக்கு எந்த ஷிங்கிள்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சார், பழைய கூரையை மாற்றப் போகிறோம். மெலிசான ஒற்றை ஷிங்கிள் போதுமா, அடுக்கு ஷிங்கிளே போட்டுவிடலாமா?

அடுக்கு ஷிங்கிளே போடுங்கள். ஷிங்கிள் என்பது சரிவான கூரையில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வரிசையாக ஆணியடிக்கும் தகடு. இரண்டிலும் சரக்கு ஒன்றுதான்: நடுவில் கண்ணாடியிழைப் பாய், அதைச் சுற்றி அஸ்பால்ட் என்ற தார், மேலே கல்துகள். ஒற்றைத் தகடு 15 முதல் 20 ஆண்டு உழைக்கும். இரண்டு தகடு ஒட்டிய அடுக்கு ஷிங்கிள் 25, 30 ஆண்டு வரை போகும், காற்றையும் நன்றாகத் தாங்கும். ஆட்கூலியும் பழையதைப் பிரித்து அகற்றும் செலவும் எதைப் போட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். சரக்கில் மட்டும் மிச்சம் பிடித்துப் பயனில்லை.

கேள்வி: எங்கள் முன்கூடத்துக் கூரை கிட்டத்தட்ட தட்டையாக இருக்கிறது. அதிலும் ஷிங்கிள் போடலாமா?

முதலில் சரிவை அளந்து பாருங்கள். மட்டப்பலகையைக் கிடையாகப் பிடித்து, 12 அங்குல நீளத்துக்குக் கூரை எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். 4 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் கவலை இல்லை. 2 முதல் 4 வரை என்றால் அடியில் விரிக்கும் நீர்காப்புத் தாளை இரட்டையாகப் போட வேண்டும். 2க்குக் கீழே ஷிங்கிள் கூடவே கூடாது. ஷிங்கிள் தண்ணீரை வழியவிடும், அவ்வளவுதான். தேங்கி நிற்கும் தண்ணீர் இடுக்கு வழியாக மேலேறி உள்ளே வந்துவிடும். அங்கே இணைப்புகளை நீர் புகாமல் ஒட்டும் நீர்காப்பு விரிப்புதான் சரி.

கேள்வி: அண்ணா, ஆலங்கட்டி மழை, பலத்த காற்று இரண்டும் உண்டு. என்ன பார்த்து வாங்குவது?

ஆலங்கட்டிக்கு, கூரைச் சரக்கு எவ்வளவு அடி தாங்கும் என்று பார்க்கும் யுஎல் 2218 சோதனையில் மிக உயர்ந்த 4ஆம் வகுப்பு என்று அட்டையில் இருக்கிறதா பாருங்கள். 2 அங்குல இரும்புக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போட்டும் விரிசல் விடாததற்குத்தான் அந்த வகுப்பு.

காற்று விஷயத்தில் ஷிங்கிளைவிட ஆணி முக்கியம். பறந்துபோன ஷிங்கிளைப் புரட்டிப் பாருங்கள், பல நேரம் ஆணி தவறான இடத்தில் இருக்கும். தகட்டில் ஆணிக்கோடு குறித்திருப்பார்கள். அதற்கு மேலே அடித்தால் கீழ்த்தகடு பிடிப்பில்லாமல் நழுவும். சாதாரணமாக ஒரு ஷிங்கிளுக்கு 4 ஆணி, பலத்த காற்றுள்ள இடத்தில் 6. ஆணித்தலை மேற்பரப்போடு சமமாக உட்கார வேண்டும். ஆணியடிக்கும் இயந்திரத்தின் அழுத்தத்தைக் கூட்டி வைத்து அடித்தால் தலை தகட்டையே அறுத்துவிடும். வேலை நடக்கும்போது ஓரிரு வரிசையை நீங்களே தூக்கிப் பாருங்கள், கேட்கத் தயங்காதீர்கள். ஷிங்கிளிலேயே இருக்கும் ஒட்டுப்பசை வெயில் சூட்டில்தான் பிடிக்கும் என்பதால், குளிர்காலத்தில் போட்டால் கையால் பசை வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய ஷிங்கிள் மேலேயே புதிதைப் போட்டால்?

வேண்டாம். அடியில் பலகை உளுத்திருந்தால் தெரியாமலே போய்விடும், எடையும் கூடும்.

கேள்வி: கூரையில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாமா அண்ணா?

கழுவாதீர்கள், கல்துகள் உதிர்ந்துவிடும். வெயிலிலிருந்து அஸ்பால்ட்டைக் காப்பதே அந்தத் துகள்தான். கோடுகள் ஒரு வகை நுண்ணுயிர். புதிதாக வாங்கும்போது செப்புத்துகள் கலந்த ஷிங்கிள் கேளுங்கள்.

கேள்வி: அடர்நிறம் பிடித்திருக்கிறது, ஆனால் மேல்பரண் கொதிக்குமோ?

நிறம் உங்கள் விருப்பம், காற்றோட்டத்தை விட்டுவிடாதீர்கள். பரணின் 300 சதுர அடிக்கு 1 சதுர அடி திறப்பு, பாதி கூரையின் கீழ் ஓரமான இறவாணத்தில், பாதி உச்சியான முகட்டில். இறவாணத்து வழி அடைபட்டிருந்தால் முகட்டுத் திறப்பு மட்டும் உதவாது.

கேள்வி: 1,800 சதுர அடிக் கூரைக்கு எத்தனை கட்டு ஷிங்கிள் வேண்டும்?

பெரும்பாலான வகைகளில் 3 கட்டு 100 சதுர அடியை மூடும். சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 60 கட்டு. இரண்டு சரிவுகள் பள்ளமாகச் சந்திக்கும் கூடுவாய் அதிகமுள்ள கூரைக்கு 15 சதவீதம் வையுங்கள். முகட்டுக்கும் ஓரத்துக்கும் தனிச் சரக்கு உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாக் கட்டிலும் ஒரே தயாரிப்பு எண் இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள், இல்லாவிட்டால் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும்.