சரோஜாதேவி: பச்சைச் சேலையா, சிவப்புச் சேலையா?

நடிகை சரோஜாதேவி 2025 ஜூலை 14 அன்று பெங்களூரில் காலமானார். வயது 87. அவரைப் பற்றி ஏதும் கேட்க இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. என்னைத் தெரியாதவர்களுக்கு: இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய பாட்டுப்புத்தகங்கள் வைத்திருக்கிறேன். மற்றபடி எனக்கும் சினிமாவுக்கும் சம்பந்தமில்லை.

தலவாக்கலையிலிருந்து: மாஸ்டர், 1965இல் அவர் நுவரெலியாவுக்கு வந்தபோது என்ன நிறச் சேலை கட்டியிருந்தார்? எங்கள் அப்பாயி பச்சை என்கிறார். பக்கத்துக் காம்பராப் பாட்டி சிவப்பு என்கிறார். நேற்றிலிருந்து சண்டை.

வந்தது உண்மை. 1965 அக்டோபரில் எம்.ஜி.ஆரும் அவரும் சேர்ந்து இலங்கைக்கு வந்தார்கள், நுவரெலியாவுக்கும் வந்தார்கள். சேலை விஷயம் கொஞ்சம் சிக்கலானது தம்பி. கடைசியில் சொல்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து: எம்.ஜி.ஆர். ஜோடி என்பதால்தானே இவ்வளவு புகழ்? கோபிக்க வேண்டாம் ஐயா.

கோபம் இல்லை, ஆனால் இதை விடவும் மாட்டேன். எம்.ஜி.ஆர். கண்டிப் பக்கம் பிறந்தவர் என்பதால் அவர் மேல் நமக்கு ஒரு தனிச் சொந்தம். அந்த வெளிச்சத்தில் பக்கத்தில் நின்றவரை நாம் சரியாகப் பார்க்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

'நாடோடி மன்னன்' 1958இல் வந்தது. எம்.ஜி.ஆரே தயாரித்து இயக்கிய படம். பின்பாதியில்தான் சரோஜாதேவி வருவார், படமும் அங்கேதான் வண்ணத்துக்கு மாறும். அதுதான் அவரைத் தூக்கிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வருஷமே ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு'. ஜோடி ஜெமினி கணேசன். அதே வருஷம் சிவாஜியோடு 'பாகப்பிரிவினை', இந்தியில் திலீப் குமார் நடித்த 'பைகாம்'. 1961இல் கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா', வெள்ளைக்காரனை எதிர்த்த ராணியாக. தெலுங்கில் என்.டி.ஆரோடும் நடித்திருக்கிறார். எம்.ஜி.ஆருடன் 26 படங்கள், சிவாஜியுடன் 22 என்று கணக்குச் சொல்வார்கள். இத்தனை மொழியில் இத்தனை பேருடன் ஈடுகொடுத்தவரை ஒருவருடைய நிழல் என்று எப்படிச் சொல்வது?

மஸ்கெலியாவிலிருந்து: அவர் பாடிய பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்தது எது சேர்?

மகள், படத்தில் பாடியது அவர் அல்ல. பெரும்பாலும் பி. சுசீலா. ஆனால் நீங்கள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள்.

படம் கொழும்புக்கு வந்து, பிறகு ஹட்டனுக்கு வந்து, நம் கையில் காசும் சேர்ந்து பார்ப்பதற்குள் மாதக்கணக்காகிவிடும். பாட்டு அதற்கு முன்பே வந்துவிடும். லயத்துக்கே ஒரு ரேடியோதான், பற்றரியில் ஓடுவது, அதுவும் வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி வீட்டில். இலங்கை வானொலி வர்த்தக சேவையில் படத்தின் பெயர், பாடியவர், இசை என்று வரிசையாகச் சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள். அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. சுசீலா என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் எங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காமாரும் "இந்தா, சரோஜாதேவி பாடுறா" என்றுதான் சொல்வார்கள். மலையில் கொழுந்து எடுக்கும்போதும் அந்தப் பாட்டுத்தான். குரலைக் கேட்டே முகத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தோம். படம் வந்து பார்த்தால், நாங்கள் நினைத்து வைத்திருந்த முகம்தான் அங்கே இருந்தது!

பிடித்தது: 'புதிய பறவை'யில் 'சிட்டுக்குருவி'. கண்ணதாசன் எழுத்து, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை.

கோத்தகிரியிலிருந்து: அண்ணே, நாங்கள் 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா வந்தவர்கள். இப்போது நீலகிரியில். அம்மாவின் பெட்டியில் அட்டை இல்லாத ஒரு பாட்டுப்புத்தகம். 'ஆசையினாலே மனம்' இருக்கிறது, 'துள்ளாத மனமும் துள்ளும்' இருக்கிறது. என்ன படம்?

தங்கச்சி, அது 'கல்யாண பரிசு', 1959. பாட்டெல்லாம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியது. அந்த வருஷம் அக்டோபரிலேயே 29 வயதில் போய்விட்டார். இசை ஏ.எம். ராஜா. புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், 'உன்னைக் கண்டு நானாட' இருக்கும். தீபாவளிப் பாட்டு. தோட்டத்தில் நமக்குத் தீபாவளியை விட்டால் பெரிய நாள் ஏது? அட்வான்ஸ் கைக்கு வந்து, புதுச்சட்டை தைக்கக் கொடுத்து, கங்காணி வீட்டு ரேடியோவில் அந்தப் பாட்டும் வந்தால்தான் தீபாவளி வந்ததாக அர்த்தம். அந்தப் பாட்டுக்கே ஒரு சோக வடிவமும் உண்டு, ஏ.எம். ராஜா பாடியது. அதைப் போட்டால் எங்கள் அம்மா எழுந்து வெளியே போய்விடுவார். நல்ல நாளும் அதுவுமாக அழக்கூடாதாம்.

தோட்டத்து மக்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் 1964இல் செய்த ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் வந்து போனவர்கள் பெட்டியில் என்னென்ன எடுத்துப் போனார்கள் என்று நான் எத்தனையோ தடவை யோசித்ததுண்டு. அந்தப் புத்தகத்துக்கு ஒரு உறை போட்டு வையுங்கள். தாள் நொறுங்கும்.

பதுளையிலிருந்து: 'அன்பே வா' நுவரெலியாவில் எடுத்த படம் என்று எங்கள் மாமா அடித்துச் சொல்கிறார்.

மாமாவிடம் பணிவாகச் சொல்லுங்கள்: அது சிம்லா. சென்னையில் ஏவி.எம். ஸ்டூடியோவிலும் எடுத்தார்கள். 1966 பொங்கலுக்கு வந்தது, ஏவி.எம். எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த ஒரே படம். குளிரும் பங்களாவும் பார்க்க நம் ஊர் மாதிரியே இருக்கும், அதனால் வந்த மயக்கம். எங்கள் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "இந்தப் பனியில கம்பளி போர்த்தாம ஆடுறாளே, காய்ச்சல் வராதா?"

ஹப்புத்தளையிலிருந்து: 'கோப்பால்' என்று எல்லாரும் கேலி செய்கிறார்களே, அவருடைய தமிழ் உண்மையிலேயே அப்படித்தானா?

'புதிய பறவை'யில் கோபாலாக வரும் சிவாஜியைக் கூப்பிடுவது. தாய்மொழி கன்னடம், அந்த வாடை கடைசிவரை போகவில்லை. கொஞ்சலும் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தை முடிவுவரை பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பாருங்கள். அந்தக் கொஞ்சலை ஏன் அப்படி வைத்தார் என்று புரியும். முடிவைச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அவருடைய ரசிகர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. வாய்விட்டு அழும் காட்சிகளில் அவர் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. பொய்க்கோபம், கண்ணை உருட்டுவது, சொல்ல வந்ததை விழுங்குவது, இதில் அவருக்கு ஈடு கிடையாது. 'பாலும் பழமும்' மட்டும் விதிவிலக்கு. அதில் நர்ஸாக, சத்தமில்லாமல் நடித்திருப்பார்.

நாவலப்பிட்டியிலிருந்து: விருதுகள்? கடைசியில் எந்தப் படம்? எங்கே அடக்கம் செய்தார்கள்?

பத்மஸ்ரீ 1969, பத்மபூஷண் 1992. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்தது 2009இல் வந்த 'ஆதவன்'. கர்நாடகத்தின் சென்னபட்டணா தாலுக்காவில் உள்ள சொந்த ஊரான தசவாராவில், அரச மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கண்களைத் தானம் செய்திருந்தார். அந்தக் கண்களை இனி யாரோ வைத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

தலவாக்கலையிலிருந்து மறுபடியும்: மாஸ்டர், சேலை?

சரி. அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா அன்று பேர் போடவில்லை, அதாவது வேலைக்குப் போகவில்லை, ஒரு நாள் சம்பளம் போனது. அப்பாவுக்கு அதில் கோபம். மாமா, அம்மா, நான் மூன்று பேரும் பஸ் பிடித்து நுவரெலியாவுக்குப் போனோம். அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. மாமா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அம்மா குள்ளம். முன்னால் நின்றவர்களின் முதுகைத் தவிர அவருக்கு எதுவும் தெரியவில்லை. சத்தம் வந்தது, தள்ளுமுள்ளு வந்தது, முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கேட்டார்: "நீ பார்த்தியா? எப்படி இருந்தா? என்ன சேலை?"

நான் கண்டது ஒரு காரின் கூரை மட்டும். அதை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவிடம் இருந்த ஒரே நல்ல சேலை பச்சை. "பச்சைச் சேலைம்மா, உங்க சேலை மாதிரியே" என்றேன். மறுநாள் மலையில் கொழுந்து எடுத்த அத்தனை பேருக்கும் அம்மா அதைச் சொன்னார், தானே கண்ணால் பார்த்ததுபோல.

தம்பி, உங்கள் அப்பாயி அப்போது எந்தத் தோட்டம்?