பில் யார் பெயரில்?

கேள்வி: 'மருத்துவம் எல்லோருக்கும் உரிமை' என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். டாக்டரின் உழைப்பை இன்னொருவர் எப்படி உரிமையாகக் கேட்க முடியும்? இலவசம் என்றாலே தரம் போய்விடும். அதுவும் என் வரிப்பணத்தில் ஏன்?
- பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகர், கோயம்புத்தூர்

பதில்: யாரும் டாக்டரைச் சும்மா வேலை பார்க்கச் சொல்லவில்லை ஐயா. கோர்ட்டுக்குப் போவது உங்கள் உரிமை. அதற்காக நீதிபதி சம்பளம் வாங்காமலா உட்கார்ந்திருக்கிறார்? வீடு தீப்பிடித்து எரியும்போது வந்து நிற்கும் தீயணைப்பு வண்டி, 'அட்வான்ஸ் கட்டுங்க, அப்புறம் குழாயைத் திறக்கிறோம்' என்றால் விடுவீர்களா? உரிமை என்றால் பில்லே கிடையாது என்று அர்த்தமில்லை. நோயாளி பெயரில் பில் வராது, அவ்வளவுதான்.

சரி, வேறு யார் பெயரில்? அங்கேதான் ராஜஸ்தான் சறுக்கியது. 2023 மார்ச் 21-ல் அந்த மாநிலச் சட்டமன்றம் மருத்துவ உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் அதற்கு முன் செய்யாத காரியம். அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக்கூடாது, நோயாளியால் கட்ட முடியாவிட்டால் அரசு ஈடுகட்டும் என்றது சட்டம். எவ்வளவு ஈடுகட்டும், எத்தனை நாளில் என்பதெல்லாம் பிறகு வரும் விதிகளுக்கு. தனியார் டாக்டர்கள் ஜெய்ப்பூர் வீதிக்கு வந்துவிட்டார்கள். இரண்டு வாரம் இழுபறி. ஏப்ரல் 4-ல் சமரசம்: 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு, அரசிடம் நிலமோ சலுகையோ வாங்காதவர்களுக்கும் விலக்கு. சின்ன ஊரில் ராத்திரி பாம்பு கடித்தால் ஓடக்கூடிய நர்சிங் ஹோம் எதுவோ, அது பெரும்பாலும் இந்த விலக்குக்குள்தான் வரும்.

அப்போது டாக்டர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டியவர்கள் நிறைய. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அரசிடம் பில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த அனுபவம் எந்த கான்ட்ராக்டரைக் கேட்டாலும் சொல்வார். பத்துப் படுக்கை வைத்திருக்கும் டாக்டர் அதற்குப் பயந்தால் அது பேராசை ஆகாது.

மறுபக்கம், இலவசம் என்று போர்டு மாட்டினால் மட்டும் உரிமை வந்துவிடுமா? 1992-ல் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலில் இருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். இங்கே வசதி இல்லை, அங்கே படுக்கை இல்லை. கடைசியில் தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம், இது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறிய செயல் என்று சொல்லி, அவருக்கு 25,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. நிதி இல்லை என்று அரசு கைவிரிக்கவும் முடியாது என்றது. அவரைத் திருப்பி அனுப்பிய அத்தனையும் அரசு மருத்துவமனைகள் என்பதைக் கவனியுங்கள்.

தமிழ்நாட்டில் ராஜஸ்தான் மாதிரிச் சட்டம் கிடையாது. ஆனால் பில் விஷயத்தில் நாம் கொஞ்சம் சாமர்த்தியசாலிகள். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் சிகிச்சை இலவசம். தொடங்கும்போது உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். அடிபட்டவர் ரேஷன் கார்டு வைத்திருக்கிறாரா, பீகாரில் இருந்து வந்தவரா என்ற விசாரணை இல்லை. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டுத் தனியாரையும் சேர்த்தார்கள். ஜெய்ப்பூரில் மறியல் செய்தார்களே, அதே தொழில் செய்கிறவர்கள்தான் இங்கே கையெழுத்துப் போட்டார்கள்.

மாத்திரை கதை இன்னும் பழையது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மொத்தக் கொள்முதல், தரப் பரிசோதனை, கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். வங்கிக் கணக்கு மாதிரி அதில் வரவு வைத்து, எடுக்க எடுக்கக் கழித்துக்கொள்வார்கள். அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த அந்த மாத்திரைகளைப் பார்க்காத வீடு இங்கே குறைவு. இருந்தாலும், 'ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க' என்று துண்டுச் சீட்டில் எழுதித் தரும் பழக்கம் போய்விட்டதா? இல்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் விழுங்குகிறவருக்கு அந்தச் சீட்டு ஒரு நாள் கூலி. 5 லட்சம் காப்பீடு என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த அட்டையை மருந்துக் கடையில் நீட்டினால் ஒரு மாத்திரை வராது.

தரத்துக்கு வருகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் புரட்டினால், தமிழ்நாட்டில் தனியாரில் நடந்த பிரசவங்களில் 100-க்கு 64 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. அந்த 36-ம் அதிகம்தான். ஆனால் சிக்கலான கேஸ்களைத் தனியார் தள்ளிவிடும் இடம் அரசு பெரியாஸ்பத்திரி. அப்படியும் அங்கே கத்தி குறைவாகத்தான் எடுக்கிறார்கள். காசு கொடுத்தால் தரம் என்கிறீர்கள். காசு கொடுத்தால் ஆபரேஷன் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

உங்கள் வரியா? வருமான வரி கட்டாத கட்டடத் தொழிலாளியும் சோப்பு வாங்கும்போது ஜிஎஸ்டி கட்டுகிறார். அரசு மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுக் கார்ப்பரேட்டில் உங்களைப் பார்க்கும் டாக்டரின் படிப்புச் செலவில் அந்தத் தொழிலாளியின் பங்கும் உண்டு.

நாளை தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் வந்தால் நான் முகவுரையைப் படிக்க மாட்டேன். நேராக இரண்டு பிரிவுகளைத் தேடுவேன். மருத்துவமனைக்குப் பணம் எத்தனை நாளில் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் வட்டி உண்டா? நோயாளியைத் திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியவர் யார்?