குடும்ப வரலாற்றைத் தேட வீட்டுப் பழைய பொருள்கள் உதவுமா? எங்கிருந்து தொடங்குவது?

பாத்திரங்களிலிருந்து தொடங்குங்கள். எங்கள் பூர்வீக ஊரை எனக்குச் சொன்னது ஒரு பித்தளைக் குடம்.

அப்பாயி கப்பலில் கொண்டுவந்த குடம் அது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் அத்தை வீட்டு அடுப்பங்கரையில் கறுத்துக் கிடந்தது. புளி போட்டு விளக்கி, கழுத்தில் அரிசி மாவைத் தேய்த்துத் துடைத்தேன். உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகளில் மாவு தங்கி நின்றது. 'முசிறி' என்ற ஊர்ப் பெயர், அப்பாயியின் பெயர், பிறகு 'யுவ ௵ தை ௴'. கடைசியில் இருந்த சுழிகளைப் பூ வேலை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தோம். ௵ வருடத்துக்கும் ௴ மாதத்துக்கும் உரிய பழைய குறிகள்.

தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். யுவ 1875–76இலும் உண்டு, 1935–36இலும் உண்டு. மூத்த பிள்ளையான அத்தைக்கு இப்போது 85 வயது. ஆகவே பிந்தியதே சரி. குடம் கல்யாணச் சீராக வந்தது, எனவே 1936 தையில் கல்யாணம். தோட்ட வேலைக்கு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938 ஜூனில் நிறுத்திவிட்டது. தாத்தாவும் அப்பாயியும் தோட்டத்துக்கென்று வந்தவர்கள். எனவே அந்த இரண்டரை ஆண்டுக்குள் கப்பல் ஏறியிருக்கிறார்கள்.

முசிறி திருச்சிப் பக்கம். ஆனால் அப்பா எங்கள் ஊர் தஞ்சாவூர் என்றே எப்போதும் சொல்வார். கப்பல் ஏறிய நாகப்பட்டினம் அன்று தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம்.

ஒன்றில் கவனம் வேண்டும். பாத்திரத்தில் இருப்பது கொடுத்தவர் பெயராகவும் இருக்கலாம். பெரியவர்களைக் கேட்காமல் முடிவு கட்டாதீர்கள். கேட்கும்போது பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். எந்த ஊர் என்று கேட்டபோதெல்லாம் தெரியாது என்ற அத்தை, குடத்தை மடியில் வைத்ததும் விளிம்பைத் தடவியபடியே பேசத் தொடங்கினார். அது தாய்மாமன் சீராம். ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி ஒளித்து வைத்தார்களாம்.

இரண்டு அண்டாக்களை அப்பா என்றோ எடைக்குப் போட்டுவிட்டார். அவற்றிலும் எழுத்து இருந்தது என்கிறார் அத்தை. என்ன எழுத்து என்று அவருக்கு நினைவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் வீட்டுப் பாத்திரம் எதையும் கொடுப்பதற்கு முன் கழுத்து, விளிம்பு, அடிப்பாகம் மூன்றையும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள்.