ஒரு காது அடைப்பு, அதே பக்கம் கழுத்தில் கட்டி

பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கும் 47 வயது வாசகருக்கு:

கழுத்தில் கட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் ரத்தப் புற்றுநோய். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் அதற்கான அடையாளம் ஒன்றுமில்லை. லிம்போசைட் என்ற வெள்ளணு வகை 48 சதவீதம், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. அதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். மொத்த வெள்ளணுக்கள் 6,800. அதில் 48 சதவீதம் என்றால் சுமார் 3,260. பெரியவர்களுக்கு 4,000 வரை இருக்கலாம். பிளேட்லெட் 1.6 லட்சம், ஹீமோகுளோபின் 13.4, இரண்டும் சரி. தொடை இடுக்கில் இளவயதிலிருந்து பட்டாணி அளவில் இருக்கும் நெறி, வெறுங்காலோடு வயலில் நடக்கிற பலருக்கும் உண்டு. கால் குடைச்சல், முடி கொட்டுவது எல்லாவற்றையும் இன்றைக்கு மறந்துவிடுங்கள்.

ஆனால் ரத்தம் நன்றாக இருப்பதால் கழுத்துக் கட்டியும் நல்லது என்று ஆகிவிடாது. மோசமான கட்டி உள்ள பலருக்கும் ரத்தப் பரிசோதனை சாதாரணமாகவே வரும்.

மூன்று பக்கக் கடிதத்தில் நான் நின்ற இடம் வேறு. இரண்டாம் பக்கத்தின் அடியில், “இடது காது ரெண்டு மாசமா தண்ணிக்குள்ள முங்கின மாதிரி இருக்கு” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கட்டியும் இடது பக்கம்தான். காதுமடலுக்குக் கீழே, தாடை மூலைக்குப் பின்னால், வலியே இல்லாமல், பாதி எலுமிச்சை அளவு. கடைசிப் பக்கத்தில், காலையில் காறித் துப்பும்போது இரண்டு தடவை ரத்தக்கீற்று. ஈறு கிழிந்திருக்கும் என்று நீங்களே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள்.

மூக்கின் பின்புறம், உள்நாக்குக்கு மேலே ஓர் இடம் இருக்கிறது. வாயைத் திறந்து டார்ச் அடித்தால் தெரியாது. நடுக்காதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அங்கேதான் வந்து திறக்கிறது. கொடைக்கானல் மலை ஏறும்போது எச்சில் விழுங்கினால் காது ‘டப்’ என்று விடுபடுகிறதே, அந்தக் குழாய். அதன் வாயருகே ஏதாவது வளர்ந்து அடைத்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டும். குழந்தைகளுக்குச் சளியாலும் அடினாய்டாலும் இது அடிக்கடி வரும், போகும். 40 தாண்டியவருக்கு, சளி இல்லாமல், ஒரு காதில் மட்டும், வாரக்கணக்கில் நின்றால் அந்த இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அங்கே வரும் புற்றுநோய் பலருக்கு முதலில் கழுத்துக் கட்டியாகத்தான் வெளியே தெரிகிறது.

உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. அது தெற்குச் சீனாவிலும் ஹாங்காங்கிலும் அதிகம். நம் நாட்டில் நாகாலாந்து, மணிப்பூர் பக்கம். தமிழ்நாட்டில் அரிது. இங்கே கழுத்து நெறி என்றால் டிபிதான் முந்திக்கொண்டு நிற்கும். பாட்டிமார் கண்டமாலை என்றது பெரும்பாலும் அதைத்தான். ஆனால் பார்க்காமல், இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

இந்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு டெஸ்ட் எடுக்கலாமா என்று இணையத்தில் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள். ஹாங்காங்கில் அறிகுறியே இல்லாத 20,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் ரத்தத்தில் அந்த வைரஸின் டிஎன்ஏவைத் தேடி, 34 பேருக்கு இந்த நோயைக் கண்டுபிடித்தார்கள். 2017-இல் வந்த ஆய்வு, நல்ல ஆய்வு. ஆனால் அது நோய் மலிந்த ஊரில், நன்றாக நடமாடுபவர்களைச் சலித்தெடுக்கிற சல்லடை. உங்களுக்குத்தான் அறிகுறி கையில் தட்டுப்படுகிறதே, சல்லடை எதற்கு?

இனி என் கோபம். மருந்துக்கடையில் அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இரண்டு முறை, அப்புறம் ‘செட் மாத்திரை’. அந்தப் பொட்டலத்தில் இருந்த குட்டி வெள்ளை மாத்திரையைப் போட்ட நாலு நாளில் கட்டி சுருங்கியது என்று சந்தோஷப்படுகிறீர்கள். அது ஸ்டீராய்டு என்பது என் சந்தேகம். ஸ்டீராய்டுக்கு நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டிகூடக் கொஞ்ச நாள் சுருங்கும். அந்த நேரத்தில் திசு எடுத்தால் நோய் பிடிபடாமல் போகலாம். டிபியாக இருந்தால் பரவ வழிவிட்ட மாதிரி. காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவதையும் நிறுத்துங்கள். நீர் கட்டியிருந்தால் அது செவிப்பறைக்கு அந்தப் பக்கம், எண்ணெய் இந்தப் பக்கம்.

இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மரப்பு மருந்தில் நனைத்த பஞ்சை மூக்கில் சில நிமிடம் வைப்பார். பிறகு பேனா ரீஃபிளைவிடச் சற்றே தடித்த குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார். கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சி, செல்களைச் சோதிக்கும் எஃப்என்ஏசி. அப்படி உறிஞ்சி எடுத்ததிலேயே டிபியும் பார்க்கலாம். யாராவது எடுத்த எடுப்பில் கட்டியை வெட்டி எடுத்துவிடலாம் என்றால், மூக்கின் பின்புறம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

தை மாதம் மகள் கல்யாணம், முடிந்ததும் பார்க்கலாமா என்கிறீர்கள். கூடாது. டிபி என்றால் குறைந்தது ஆறு மாத மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டே மணவறையில் நின்று தாரை வார்க்கலாம். மூக்கின் பின்புறப் புற்றுநோயே என்றாலும், அது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். கழுத்து நெறிக்கு வந்த பிறகும் பலர் குணமாகிறார்கள். மனைவியிடம் இன்றே சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பொட்டலத்தில் மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள், அவை என்னவென்று டாக்டர் பார்க்கட்டும்.