ஒன்றரை ஏக்கரில் சுழற்சி மேய்ச்சல்: மாட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும்?

பண்ருட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர், இரண்டு கறவை மாடு, ஏழெட்டு வெள்ளாடு என்று எழுதி, சுழற்சி மேய்ச்சலுக்கு (நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாக மாற்றி மேய்ப்பதற்கு) நாள் கணக்குக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டால் யாராவது ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். ஐப்பசியில் சரியாக இருக்கும் அந்த எண், சித்திரையில் நிலத்தை மொட்டையடித்துவிடும். நான் பாகூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவன். புல்லைப் பார்த்துத்தான் மாற்றுகிறேன்.

இந்த முறையை விரிவாக எழுதிய பிரெஞ்சு விவசாயி ஆந்த்ரே வுவாசனே மே, ஜூனில் மேய்ந்த துண்டுக்குச் சுமார் 18 நாள் ஓய்வு போதும் என்றால், ஆகஸ்ட், செப்டம்பரில் அதைப்போல் இரு மடங்கு வேண்டும் என்றார். அது அவர் ஊர்ப் பருவம். நமக்கு வடகிழக்குப் பருவமழையில் புல் விறுவிறுவென்று எழும். கத்திரி வெயிலில் இரண்டு மாதம் ஆனாலும் அசையாது.

கடிபட்ட புல், வேரிலும் தண்டடியிலும் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் துளிர்க்கிறது. மழைக்காலத்தில் மூன்று நான்கு நாளிலேயே துளிர் வந்துவிடும். மாடு அதே இடத்தில் நின்றால் அந்தத் துளிரைத்தான் முதலில் தேடிக் கடிக்கும். இப்படியே போனால் கொழுக்கட்டைப்புல் ஒழிந்து கோரையும் பார்த்தீனியமும் மிஞ்சும். ஆகவே ஒரு துண்டில் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். நான்கு விரல் கட்டை நிற்கும்போதே வெளியேற்றுங்கள். கொழுக்கட்டைப்புல் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்த பிறகு திரும்ப விடுங்கள். அருகம்புல் படர்கிற சாதி, அரைச் சாண் போதும்.

அந்த நான்கு விரல் ஆட்டுக்கும் காப்பு. குடற்புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில்தான் இருக்கும். பனி காய்ந்த பிறகு ஓட்டுங்கள். ஆட்டின் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மாட்டுக்கு வயிறு நிறைந்ததா என்பதை மாலையில் பின்னால் நின்று, இடது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைப் பார்த்தால் தெரியும். குழிந்திருந்தால் மேய்ச்சல் போதவில்லை. சாணம் தண்ணீராகப் போனால் புல் மிக இளசு. காலையில் கொஞ்சம் வைக்கோல் போட்டு அனுப்புங்கள்.

மின்வேலிக்கு இப்போதே செலவழிக்காதீர்கள். முளையடித்து 5 மீட்டர் கயிற்றில் கட்டினால் ஒரு மாட்டுக்குச் சுமார் 78 சதுர மீட்டர் கிடைக்கும். முளையை நகர்த்துவதும் சுழற்சிதான். (நிழலும் தண்ணீரும் எட்டுகிற இடமாக அடியுங்கள்.) முந்திரி நிழலில் புல் தேறாது, அதைப் பரப்பளவில் சேர்க்காதீர்கள். இந்த நிலம் மட்டும் இத்தனை வாய்க்குக் காணாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில சென்ட்டில் கோ-4 தீவனப்புல் வைத்து அறுத்துப் போடத்தான் வேண்டும்.

களிமண்ணில் அடைமழையின்போது குளம்பு புதைந்து புல் நசுங்கும். அப்போது நான் கொட்டகையிலேயே கட்டிவிடுவேன். உங்களுடையது செம்மண் என்றால் கொடுத்து வைத்தவர்.

அக்கம்பக்கத்தில் சோளம் அறுத்த கொல்லையில் மறுதாம்பு துளிர்த்திருந்தால் அங்கே மட்டும் விடாதீர்கள். இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு உண்டு. மழையில்லாமல் வாடி நின்றால் இன்னும் ஆபத்து.